ஆப்பிரிக்கப் பென்குயின்களைக் காக்கத் தன்னார்வலராகப் போவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் மட்டுமே குஞ்சு பொரிக்கும் ஆப்பிரிக்கப் பென்குயினை 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ‘மிக அருகிய இனம்’ என்ற பட்டியலுக்கு மாற்றியது. பென்குயின் வகைகளில் இந்த நிலைக்குப் போன முதல் இனம் இதுதான். இன்று முட்டையிடும் இணைகள் 10,000-க்கும் குறைவு. ஒரு நூற்றாண்டுக்கு முன்னால், கேப் டவுனுக்கு வடக்கே இருக்கும் தசென் தீவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பென்குயின்கள் இருந்தன.

இவ்வளவு குறைந்துபோன இனத்தில் ஒரே ஒரு குஞ்சு பிழைப்பதும் கணக்கில் வரும். அந்தக் குஞ்சைப் பிழைக்க வைக்கும் வேலையில் பெரும்பகுதி கூண்டுப் பாய் கழுவுவதும் மீன் எண்ணுவதும்தான். பல நாடுகளிலிருந்து வரும் தன்னார்வலர்கள் அதைச் செய்கிறார்கள். அப்படிப் போக நினைக்கும் தமிழ் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். பென்குயினை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும் என்ற ஆசையோடு போகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே பறவையிடம் பாசத்தைக் காட்டாமல் இருக்கப் பழக வேண்டும்.

1. முதலில் பறவையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிற்கும்போது நம் இடுப்புக்கும் கீழே இருக்கும்; எடை 2 முதல் 3.5 கிலோ. கழுதை கத்துவது போன்ற குரல். நெஞ்சில் உள்ள கரும்புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு. இதெல்லாம் எங்கேயும் படிக்கலாம். தன்னார்வலர் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தப் பறவை ஏன் அழிகிறது என்பதை. செய்யப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் அதில்தான் இருக்கிறது.

தீவுகளில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து இறுகிய கடற்பறவை எச்சத்தில் வளை தோண்டித்தான் இவை முட்டையிட்டு வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அந்த எச்சத்தை உரத்துக்காகச் சுரண்டி எடுத்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். வளை போனது. இப்போது பல இணைகள் புதர் அடியிலோ வெட்டவெளியிலோ முட்டையிடுகின்றன. வெயில் கடுமையானால் பெற்றோர் கூட்டை விட்டு எழுந்துபோகும், முட்டையைக் கடற்காகம் தூக்கிக்கொண்டு போகும். முட்டைகளை உணவுக்காக எடுப்பதும் 1960களின் பிற்பகுதி வரை நடந்தது.

இன்று பெரிய சிக்கல் பசி. இவற்றின் உணவு மத்தி வகை மீனும் நெத்திலியும். அதே மீனைத்தான் சுருக்குமடி வலைப் படகுகளும் அள்ளுகின்றன. சுருக்குமடியால் வரும் சண்டைகளைத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடல் மாறிவருவதால் மீன் கூட்டங்களும் இடம் பெயர்ந்துவிட்டன. பறவைகளுக்காக இரண்டு அமைப்புகள் நீதிமன்றம் போனதில், ஆறு முக்கிய வாழிடங்களைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிக்கப் பத்து ஆண்டுகளுக்குத் தடைப் பகுதி வகுத்து 2025 மார்ச்சில் உத்தரவு வந்தது.

இன்னொன்றும் முக்கியம்: இறகு உதிர்க்கும் காலம். பென்குயின் ஆண்டுக்கு ஒரு முறை எல்லா இறகுகளையும் ஒரே மூச்சில் உதிர்த்துப் புது இறகு வளர்க்கும். ஏறக்குறைய மூன்று வாரம் கடலில் இறங்க முடியாது, இரை கிடையாது, உடல் எடையில் கிட்டத்தட்டப் பாதி கரைந்துவிடும். அதற்கு முன்பே கடலில் கொழுப்புச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீன் குறைந்த ஆண்டுகளில் பெற்றோர், குஞ்சு வளர்ந்து முடியும் முன்னரே இறகு உதிர்க்கத் தொடங்கிவிடுகின்றன. கூட்டில் குஞ்சு பட்டினி கிடக்கும். அந்தக் குஞ்சுகளைத்தான் மீட்பு நிலையங்கள் எடுத்து வளர்க்கின்றன.

2. எங்கே போவது?

இந்த வேலையில் மூத்த அமைப்பு சான்காப் (SANCCOB). 1968-இல் ஒரு எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு, எண்ணெய் படிந்த பென்குயின்களை வீட்டுக்கு எடுத்துப் போய்க் காப்பாற்றிய ஆல்த்தியா வெஸ்ட்ஃபால் தொடங்கியது. கேப் டவுனின் டேபிள் வியூ பகுதியில் ஒரு நிலையம், கிழக்கே கெபெர்ஹா நகரில் (பழைய பெயர் போர்ட் எலிசபெத்) இன்னொன்று. அயல்நாட்டுத் தன்னார்வலர்களை முறைப்படி சேர்த்துக்கொள்கிறார்கள். 2006 முதல் கைவிடப்பட்ட குஞ்சுகளை எடுத்து வளர்த்துக் கடலில் விடும் தனித் திட்டமும் இருக்கிறது. அப்படி வளர்ந்து போன குஞ்சுகள், கூட்டில் இயல்பாக வளர்ந்தவற்றுக்கு இணையாகப் பிழைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் அங்கே உழைக்கும் வாரங்கள் வீணாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வேறு இடங்களைத் தேடுகிறீர்கள் என்றால் ஒரு எளிய சோதனை சொல்கிறேன். விளம்பரப் படத்தில் தன்னார்வலர் பறவையைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தால் அங்கே போகாதீர்கள். ‘எத்தனை பறவைகளைத் திரும்பக் கடலில் விட்டீர்கள், உங்கள் கால்நடை மருத்துவர் யார், அரசு அனுமதி இருக்கிறதா’ என்ற மூன்று கேள்விகளுக்கும் நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தையும் விட்டுவிடுங்கள்.

3. உங்களால் முடியுமா என்று பாருங்கள்

அயல்நாட்டுத் தன்னார்வலருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; குறைந்தது ஆறு வாரம் தங்க வேண்டும். ‘இரண்டு வாரம் லீவு இருக்கிறது, வரலாமா?’ என்று கேட்பவர்கள் நிறைய. பறவையைச் சரியாகப் பிடிக்கப் பழகவே முதல் வாரங்கள் போய்விடும். பழகிய கை வேலைக்கு உதவும் நேரத்தில் ஊருக்குக் கிளம்பினால் நிலையத்துக்கு நட்டம்தான்.

நாள் முழுவதும் நிற்க வேண்டும், குனிய வேண்டும், ஈரப் பாய்களையும் மீன் பெட்டிகளையும் தூக்க வேண்டும். முதுகுவலி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் பேசாமல் விண்ணப்பிக்க வேண்டாம். பறவைத் தூசியும் பூஞ்சையும் எப்போதும் இருக்கும் இடம் அது. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடி வாங்குவது உறுதி. பென்குயினின் அலகு நுனி கொக்கி போல வளைந்து கூர்மையாக இருக்கும். துடுப்புச் சிறகால் அடித்தால் கை கன்றிப்போகும்.

சைவ உணவுக்காரர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். மீன் சாப்பிட வேண்டியதில்லை. ஆனால் நாள் முழுக்க மீனைத் தொட வேண்டும், அதன் வாடை முடியிலும் நகக்கண்ணிலும் தங்கும். அது முடியாது என்றால் இந்தப் பணி வேண்டாம்.

வீட்டில் கோழி, புறா வளர்ப்பவர்கள் அதை மறைக்கக் கூடாது. பறவைக் காய்ச்சல் தென்னாப்பிரிக்கக் கடற்பறவைகளையும் தாக்கிவருகிறது. வளர்ப்புப் பறவைகளைத் தொட்ட உடையும் செருப்பும் நிலையத்துக்குள் போகக் கூடாது.

4. எந்த மாதம் போகலாம்?

பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவங்கள் தலைகீழ். கைவிடப்பட்ட குஞ்சுகள் வந்து குவியும் காலம் அக்டோபர் முதல் ஜனவரி வரை. அப்போது ஆள் தேவை மிக அதிகம், வேலையும் மிகக் கடினம். கொசுவால் பரவும் பறவை மலேரியாவும் அந்தக் கோடையில்தான் வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேப் டவுனில் மழையும் குளிரும். பறவைகள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒவ்வொன்றிடமும் நிதானமாகக் கற்றுக்கொள்ள முடியும். முதல் முறை போகிறவர்கள் செப்டம்பர் பிற்பகுதியில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது என் யோசனை. குஞ்சுகள் பெருகுவதற்குள் கை பழகிவிடும்.

5. விண்ணப்பம், பணம், விசா

பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். விலங்குகளோடு வேலை செய்த அனுபவம் கட்டாயம் இல்லை. ஆனால் ஏதாவது ஒரு ஒழுங்கான களப்பணியை முடித்தவர் என்று காட்டினால் நல்லது. சென்னையில் ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கடலாமை முட்டைகளைத் தேடிக் கடற்கரை நெடுக நடக்கும் மாணவர் குழுவோடு ஒரு பருவம் நடந்தவருக்கு, தூக்கம் கெட்டாலும் நேரத்துக்கு வந்து நிற்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். அதை விண்ணப்பத்தில் விரிவாக எழுதுங்கள். ‘சின்ன வயதிலிருந்தே பென்குயின் பிடிக்கும்’ என்பதை ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தன்னார்வலர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ‘உழைப்பும் கொடுத்து, பணமும் கொடுப்பதா?’ என்று நம் வீடுகளில் கேட்பார்கள். மீனும் மருந்தும் பயிற்சி தரும் ஊழியர்களும் இலவசமாக வருவதில்லை. கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் கேளுங்கள். விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, தினசரிப் போக்குவரத்து எல்லாவற்றையும் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் கூட்டிப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள். தங்குமிடம் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய நிம்மதி. மாலையில் மீன் வாடையோடு நெடுந்தூரம் போக வேண்டியிருக்காது.

விசாவில் கவனம். சுற்றுலா என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் தன்னார்வப் பணி செய்வது சட்டச் சிக்கல். உங்கள் நாட்டுக் கடவுச்சீட்டுக்கும் தங்கும் காலத்துக்கும் எந்த வகை பொருந்தும் என்பதை நிலையத்திடமும் தென்னாப்பிரிக்க விசா மையத்திடமும் கேட்டு, நிலையத்தின் அழைப்புக் கடிதத்தையும் இணைத்து விண்ணப்பியுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ். எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போகும் விமானங்கள் விலை குறைவாகக் கிடைக்கும். அந்த நாடுகளில் இறங்கி 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும்; திரும்பும்போது இந்தியாவும் கேட்கலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஓடினால் பயனில்லை.

6. பையில் என்ன வைப்பது?

கெட்டுப்போனாலும் கவலைப்படாத பழைய உடைகள், தடித்த காலுறைகள், கம்பளி. மழைக்கோட்டு, கம்பூட், கையுறை நிலையத்தில் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், தொங்கட்டான் வேண்டாம். பளபளக்கும் எதையும் பறவை கொத்தும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கைக்குத் தடவ நல்ல எண்ணெயோ கிரீமோ எடுத்துப்போங்கள். நாள் முழுவதும் ஈரத்தில் இருந்தால் தோல் வெடிக்கும்.

7. அங்கே ஒரு நாள்

காலையில் கிருமிநாசினி ஊற்றிய தொட்டியில் பூட்ஸை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் இதே நடக்கும். நோயுற்ற பறவைகள் இருக்கும் பகுதியிலிருந்து குஞ்சுகள் பக்கம் நினைத்தபடி போய்வர முடியாது. இதை அலுப்பாக நினைப்பவர்கள் சீக்கிரமே தவறு செய்வார்கள்.

அப்புறம் சுத்தம் செய்யும் வேலை. கூண்டுத் தரையைத் தேய்ப்பது, குளத்தைக் கழுவுவது, பாய்களையும் துண்டுகளையும் துவைத்து உலர்த்துவது. பென்குயின் எச்சம் காய்ந்தால் அதிலிருந்து பூஞ்சை பரவும். அந்தப் பூஞ்சை பறவையின் நுரையீரலைத் தாக்கினால் மருந்து வேலை செய்வது கடினம். கரடுமுரடான ஈரத் தரையில் அதிக நாள் நின்றால் பாதத்தில் புண் வரும். ஆகவே நீங்கள் தேய்க்கும் ஒவ்வொரு பாயும் சிகிச்சையின் ஒரு பகுதி. மருத்துவர் ஊசி போடுவதைப் பார்க்க வந்தேன், என்னைத் துவைக்கச் சொல்கிறார்கள் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

மீன் அறையில், உறைந்த மீன் கரைந்த பிறகு வயிறு கிழிந்தவற்றையும் நசுங்கியவற்றையும் ஒதுக்க வேண்டும். உறைய வைத்த மீனில் தயமின் என்ற பி1 உயிர்ச்சத்து குறைந்துவிடும் என்பதால் மீனுக்குள் மாத்திரையைச் செருகிக் கொடுப்பார்கள். எந்தப் பறவைக்கு எத்தனை மீன், எத்தனை மாத்திரை என்பது எழுதப்பட்டிருக்கும். மனக்கணக்காகச் செய்யாதீர்கள். கொடுத்ததும் குறித்துவிடுங்கள். கொடுத்ததா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

பறவையைப் பிடிப்பது பொறுமையாகக் கற்க வேண்டிய வேலை. துரத்தக் கூடாது. அமைதியாகக் குனிந்து தலையின் பின்பக்கத்தை ஒரு கையால் உறுதியாகப் பிடித்து, மறு கையால் உடலின் எடையைத் தாங்கித் தூக்க வேண்டும். துடுப்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது, எலும்பு விலகிவிடும். முகத்தை அலகுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், கண் போய்விடும். உணவூட்டும்போது தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்து, இரு முழங்கால்களுக்கு நடுவே பறவையை நிறுத்தி, அலகைத் திறந்து மீனைத் தலைப்பக்கமாகச் செலுத்த வேண்டும். வால்பக்கமாகக் கொடுத்தால் செதிலும் துடுப்பும் தொண்டையில் மாட்டும். விழுங்க முடியாத நிலையில் வருபவற்றுக்குக் குழாய் வழியாக நீரும் மீன் கூழும் கொடுப்பார்கள். குழாய் மூச்சுக்குழலுக்குள் போனால் பறவை செத்துவிடும். பயிற்சியாளர் சரி என்று சொல்லும்வரை அதில் கைவைக்க வேண்டாம்.

இதற்கிடையில் ஒரு சாம்பல் நிறக் குஞ்சு உங்கள் பூட்ஸில் வந்து சாய்ந்து நிற்கும். தடவிக்கொடுக்கக் கை துறுதுறுக்கும். தடவாதீர்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், செல்ஃபி எடுக்காதீர்கள். கடலுக்குப் போனதும் அது படகையும் மனிதரையும் கண்டால் விலகிப் போக வேண்டும். மனிதக் குரல் கேட்டதும் மீன் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டால், நாம் வளர்த்ததே அதற்கு ஆபத்தாகிவிடும். வேலையை முடித்துவிட்டு அறையை விட்டு வெளியே வருவதுதான் அந்தக் குஞ்சுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய நன்மை. நிலையத்தில் மிகச் சிரமமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். தேய்ப்பதும் தூக்கும் வேலையும் இதற்குப் பிறகுதான்.

8. எண்ணெய்க் கசிவு நடந்தால்

2000 ஜூன் 23 அன்று ‘ட்ரெஷர்’ என்ற தாதுக் கப்பல் ராபன் தீவுக்கும் தசென் தீவுக்கும் இடையே மூழ்கியது. எண்ணெயில் நனைந்த சுமார் 19,000 பென்குயின்களைப் பிடித்து வந்து ஒரு பெரிய கிடங்கில் வைத்துக் கழுவினார்கள். எண்ணெய் படாத சுமார் 19,500 பறவைகளை வேறுவிதமாகக் காப்பாற்றினார்கள்: லாரியில் ஏற்றி, பல நூறு கிலோமீட்டர் கிழக்கே போர்ட் எலிசபெத் அருகே கடலில் விட்டார்கள். அவை நீந்தி ஊர் திரும்புவதற்குள் கடலைச் சுத்தம் செய்தார்கள். பீட்டர், பமேலா, பெர்சி என்று பெயரிட்ட மூன்று பறவைகளின் முதுகில் கருவி பொருத்தி வழி முழுவதும் பின்தொடர்ந்தார்கள். பிடித்த பறவைகளில் பெரும்பாலானவை பிழைத்தன. ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கழுவியதால்தான் அது நடந்தது.

கழுவும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். பென்குயின் இறகுகள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நீர் உள்ளே புகாமல் காக்கின்றன. எண்ணெய் பட்டால் அடுக்கு குலையும். குளிர் தோலைத் தொடும். பறவை கரையேறிப் பட்டினி கிடக்கும். அலகால் கோதும்போது எண்ணெயை விழுங்கிக் குடல் புண்ணாகும். வந்ததும் கழுவக் கூடாது. முதலில் சூடு கொடுத்து, நீரும் உணவும் ஏற்றி, சில நாள் தேற்ற வேண்டும். பலவீனமான பறவையைக் கழுவினால் அதிர்ச்சியிலேயே செத்துவிடும். தேறியதும் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் திரவ சோப்பும், தலைக்கு மென்மையான பல் துலக்கும் பிரஷும் வேண்டும். ஒருவர் பிடிக்க ஒருவர் கழுவ வேண்டும். சோப்பு துளி மிஞ்சினாலும் இறகில் நீர் புகும், ஆகவே கழுவுவதைவிட அலசுவதற்கு அதிக நேரம் ஒதுக்குவார்கள்.

இது நம் ஊருக்கும் பயன்படும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது கூழைக்கடாக்கள் எண்ணெய் பூசிய இறகோடு நின்றன. அப்படி ஒரு பறவையைப் பார்த்தால் நீங்களே பிடித்துக் குழாயடியில் கழுவாதீர்கள். தூரத்தில் நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒதுங்கி வந்து கையில் சிக்கியே ஆக வேண்டிய நிலை என்றால், காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டில் அமைதியாக வையுங்கள். உணவு திணிக்காதீர்கள்.

9. சாவும் விடுவிப்பும்

சில பறவைகள் செத்துப்போகும். நீங்கள் இரண்டு வாரம் ஊட்டிய குஞ்சு ஒரு காலையில் இல்லாமல் போகும். சில நேரம் மருத்துவரே வேதனையை முடித்துவைக்க முடிவெடுப்பார். அழுகை வந்தால் அழுதுவிட்டு அடுத்த கூண்டுக்குப் போங்கள். அங்கே மீன் நேரம் தவறக் கூடாது.

விடுவிக்கும் முன் எடை, இரத்தப் பரிசோதனை, நீர்ப்புகா நிலை மூன்றையும் பார்ப்பார்கள். நீந்த விட்டு எடுத்து, இறகை விலக்கித் தோல்வரை ஈரம் போயிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு சிறு இடம் நனைந்திருந்தாலும் இன்னும் சில நாள் குளத்தில்தான். தேறியவற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு சிறு அடையாளச் சில்லு பொருத்தி, துளையிட்ட பெட்டியில் கடற்கரைக்குக் கொண்டுபோவார்கள். அன்றைக்கு நிலையத்தில் துணி துவைக்க ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அது நீங்களாக இருந்தால் மனம் கசக்காமல் இருங்கள்.

10. போக முடியாதவர்கள்

நிலையங்கள் ஒரு பறவையின் செலவை ஏற்கும் நன்கொடைத் திட்டங்கள் நடத்துகின்றன. அந்தப் பணம் நேராக மீனாகவும் மருந்தாகவும் மாறும். கேப் டவுனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் சைமன்ஸ் டவுன் பக்கத்தில் உள்ள போல்டர்ஸ் கடற்கரையில் பலகை நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். இறகு உதிர்க்கும் பறவை கலைந்த நிலையில் நோயுற்றது போலத் தெரியும். அதைத் தண்ணீருக்குள் விரட்டாதீர்கள். கிளம்பும் முன் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள், நிழலுக்காகப் பென்குயின் படுத்திருக்கும்.

ஆறு வாரம் முடித்துத் திரும்புகிறவர்கள், நிலையத்தில் பயிற்சி பெற்றதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அவசரகாலத் தன்னார்வலர் பட்டியல் இருந்தால் அதிலும் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள். கெபெர்ஹா நகரை ஒட்டிய அல்கோவா விரிகுடாவில் கப்பலுக்குக் கப்பல் எரிஎண்ணெய் மாற்றும் வேலையில் கசிவுகள் நடந்திருக்கின்றன. அடுத்த கசிவில் பறவையைப் பிடிக்கத் தெரிந்த கைகள்தான் முதலில் தேவைப்படும். கடவுச்சீட்டு காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.